மாடித் தோட்டத்துக்கு மரப்பெட்டி, பிள்ளைகளோட சேர்ந்து: சில்வர் ஓக் தாங்குமா?

ஜூலை 7, இரவு 9.10 | அஸ்தம்பட்டி வாசகர்

வீட்டுல ஆறு வயசுப் பையன், ஒம்பது வயசுப் பொண்ணு. ஆடிப்பட்டத்துக்கு மாடியில காய்கறி வைக்கலாம்னு இருக்கோம். பெட்டியையும் நாங்களே செஞ்சா பசங்களுக்கு ரெண்டு வேலையும் தெரியும்னு ஆசை. மரக்கடையில சில்வர் ஓக் பலகை மலிவுங்கறாங்க. வீட்டுப் பெரியவங்க, “மண்ணு பட்டா ஒரே வருசத்துல மக்கிடும், குரோ பேக் வாங்கி வைங்க போதும்”ங்கறாங்க. எது சரி? இதுக்கு முன்னாடி ரம்பம் பிடிச்சதில்லை.

ஜூலை 7, இரவு 10.35

பெரியவங்க சொல்றது பாதி சரிங்க. சில்வர் ஓக் மழையிலயும் வெயில்லயும் நின்னு தாங்கற ஜாதி இல்லை. ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்கள்ல நிழலுக்கும் மிளகுக்கொடி ஏத்தறதுக்கும் வளர்க்கற மரம். வெட்டி அறுத்து மலையிறக்கிக் கொண்டு வந்துடறாங்க, அதனாலதான் நம்ம சேலத்துல மலிவு. ஈர மண்ணு நேரா பட்டா மக்கும், கரையானும் விடாது.

அதுக்காக வேண்டாம்னு சொல்ல மாட்டேன். கை ரம்பத்துக்குச் சுலபமா வழிவிடற மரம் இது. தேக்குன்னா பாதி அறுக்கறதுக்குள்ள குழந்தைக்குக் கை ஓய்ஞ்சுடும். வேம்புக்குக் கரையான் பயம் குறைவு, ஆனா நல்லாக் காயாத வேப்பம்பலகை முறுக்கிக்கிட்டு மூலையைப் பிளந்துடும்.

மக்கறதைத் தள்ளிப்போட மூணு விசயம் பாருங்க. பெட்டி தரையில உக்காரக் கூடாது, ரெண்டு இன்ச் காலாவது வேணும். உள்பக்கம் மண்ணும் பலகையும் ஒட்டக் கூடாது. அறுத்த முனைகளுக்கு மத்த இடத்தை விட ஒரு பூச்சு அதிகமா வேணும், மரம் தண்ணி குடிக்கறது பெரும்பாலும் முனை வழியாத்தான். இவ்வளவும் செஞ்சா ரெண்டு மூணு வருசம் ஓடும்.

ஒரு எச்சரிக்கை. இந்த மரத்தோட தூளும் பாலும் சிலருக்குத் தோல்ல அரிப்பு, தடிப்பு கொண்டு வரும். பசங்களுக்கு முழுக்கைச் சட்டை போட்டு விடுங்க, வேலை முடிஞ்சதும் கையை முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவணும். முதல் நாள் சின்னத் துண்டு ஒண்ணை மட்டும் தேய்க்க விட்டுப் பாருங்க. அரிச்சா வேற மரத்துக்குப் போயிடுங்க.

ஜூலை 8, காலை 6.20

அளவு. பெட்டி மூணடி நீளம், ஒரு அடி அகலம், பலகை உயரம் பத்து இன்ச். மரக்கடையில எல்லாத்தையும் ஆறடி நீளத்துல கேளுங்க:

அஞ்சு இன்ச் அகலம், ஆறு நூல் கனம் பலகை: 3
நாலு இன்ச் அகலம், ஆறு நூல் கனம் பலகை: 1
ஒன்றரைக்கு ஒன்றரை ரீப்பர் (ஒல்லியான சதுரக் கட்டை): 1
ஒண்ணுக்கு ஒண்ணு ரீப்பர்: 1
ஒன்றரை இன்ச் 8 நம்பர் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) ஸ்க்ரூ: 70

ரெண்டு பக்கமும் இழைச்சுக் கொடுக்கச் சொல்லுங்க. அறுத்த சொரசொரப்போட வாங்கினா பசங்க விரல்ல சிராய் ஏறும். கனம் பார்க்கறப்போ இழைச்ச பிறகு ஆறு நூல், அதாவது முக்கால் இன்ச், நிக்கணும்.

வெட்டறது இப்படி. அஞ்சு இன்ச் பலகை ரெண்டை நடுவுல அறுத்தா மூணடிப் பலகை நாலு. ரம்பம் தின்னது போக ஒவ்வொண்ணும் 36 இன்ச்சுக்கு அரை நூல் குறையும், பரவாயில்லை, நாலும் ஒரே அளவா இருந்தாப் போதும். மூணாவது பலகையில பத்தரை இன்ச் துண்டு அஞ்சு: நாலு பெட்டியோட குறுக்குப் பலகைக்கு, ஒண்ணு அடித்தட்டுக்கு. நாலு இன்ச் பலகையில பத்தரை இன்ச் துண்டு ஆறு, எல்லாம் அடித்தட்டுக்கு. பெரிய ரீப்பர்ல 12 இன்ச் கால் நாலு. சின்ன ரீப்பர்ல முப்பத்தொன்றரை இன்ச் ரெண்டு, அடித்தட்டு உக்கார்றதுக்கு.

ஒவ்வொரு பக்கமும் ரெண்டு பலகை, ஒண்ணு மேல ஒண்ணு. மூலைக்கு ஒரு கால். கால் பலகைக்கு உள்பக்கம் நிக்கும், மேல்முனை பலகையோட சமம், கீழ ரெண்டு இன்ச் நீட்டிக்கிட்டு இருக்கும். குறுக்குப் பலகை ரெண்டு நீளப் பலகைக்கு நடுவுல அடங்கும். நீளப் பலகையோட கீழ் விளிம்புல உள்பக்கம் சின்ன ரீப்பர். அது மேல ஏழு துண்டையும் ரெண்டு மூணு நூல் இடைவெளி விட்டு அடுக்கணும்.

அகலம் ஏன் ஒரே அடி? பெட்டி கைப்பிடிச் சுவர் ஓரமா நிக்கும், ஒரு பக்கம் இருந்துதான் கை விட முடியும். ஆறு வயசுக் குழந்தை பெட்டி மேல சாயாம, மண்ணை அமுக்காம, எதிர் ஓரத்துக் களையைப் பிடுங்கணும்னா ஒரு அடிதான் சரி. ரெண்டடி அகலத்துல செஞ்சு பின்வரிசைச் செடியைப் பெரியவங்களே பாத்துக்கற மாடிகளை நிறையப் பார்க்கலாம். அது பிள்ளைகளோட தோட்டம் ஆகாது.

ஜூலை 8, இரவு 8.50

காலையில ஸ்க்ரூ எங்க போடணும்னு எழுதலை. முதல் தடவை செய்றவங்க தப்பு பண்றதே அங்கதான்.

நீளப் பலகை, குறுக்குப் பலகையோட முனையையும் மூடிக்கிட்டுப் போகுது. அதனால காலோட நடுமையம் நீளப் பலகையில முனையிலிருந்து ஒன்றரை இன்ச்சுல வரும். குறுக்குப் பலகையிலயோ முக்கால் இன்ச்சுலயே வந்துடும். ரெண்டுலயும் முக்கால் இன்ச்சுல ஓட்டை போட்டா, நீளப் பலகை ஸ்க்ரூ காலோட நடுவுக்குப் போகாம, காலும் குறுக்குப் பலகையும் சேர்ற விளிம்புல இறங்கி முனையைப் பிளந்துடும்.

ரெண்டு பக்கத்து ஸ்க்ரூவும் காலுக்குள்ள மோதாம இருக்க, நீளப் பலகை ஒவ்வொண்ணுலயும் அதோட கீழ் விளிம்பிலிருந்து 1 இன்ச், 4 இன்ச். குறுக்குப் பலகையில 2 இன்ச், 3 இன்ச். பென்சில்ல குறிக்கறது ஒம்பது வயசுக்காரி வேலை. மூலைமட்டம் வெச்சுக் கோடு இழுக்கக் கத்துக்க இதை விட நல்ல இடம் இல்லை.

3 மி.மீ. பிட்டுல முன் ஓட்டை கட்டாயம். ஸ்க்ரூ மரையில மெழுகுவத்தியை ஒரு இழு இழுத்துக்கிட்டா குழந்தை கையால திருப்புளிக்கு இறங்கும். ஓட்டை போடக் கைல சுத்தற டிரில் பழைய சாமான் கடையில தேடிப் பாருங்க. மின்சார டிரில்லை விட மெதுவு. பிட் எவ்வளவு ஆழம் போகுதுன்னு குழந்தைக்கே கையில தெரியும்.

ஜூலை 9, காலை 7.05

அறுக்கறதைப் பத்தி. நேரா பெட்டிப் பலகையில ஆரம்பிக்காதீங்க. முதல்ல அறுக்கறதுக்கு ஒரு பிடிப்பலகை செய்ங்க. அதுக்குத் தனியா மரம் வாங்க வேண்டாம். மூணாவது பலகையில அஞ்சு துண்டு போக 19 இன்ச் சில்லறை மிஞ்சும், அதுல 10 இன்ச். பெரிய ரீப்பர்ல நாலு காலும் போக ரெண்டடி மிஞ்சும், அதுல நாலு இன்ச் துண்டு ரெண்டு. பலகைக்கு அடியில ஒரு முனையில ஒரு துண்டு, மேல எதிர்முனையில இன்னொரு துண்டு, குறுக்கால வெச்சு ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு ஸ்க்ரூ. அடித்துண்டு மேசை விளிம்புல மாட்டிக்கும், மேல் துண்டு மேல அறுக்கற மரத்தைச் சாய்ச்சுப் பிடிக்கலாம். ரம்பம் தள்ளத் தள்ள மரம் தானே இறுகும். இது இல்லாம காலால மிதிச்சுக்கிட்டு அறுக்கறது ஆசாரிக்குச் சரி, குழந்தைக்குச் சரி வராது.

ரீப்பரும் குட்டைத் துண்டுகளும் பிடிப்பலகையில. ஆறடிப் பலகையை மட்டும் ரெண்டு ஸ்டூல் மேல போட்டு சி கிளாம்ப் (திருகி இறுக்கற இரும்புப் பிடி) மாட்டிக்கோங்க.

ரம்பம் முதல்ல பின்னால இழுக்கணும், மூணு நாலு தடவை, கோட்டுக்கு வெளிப்பக்கமா. வாய் விழுந்த பிறகுதான் தள்ளணும். ஆள்காட்டி விரல் ரம்பத்தோட பக்கத்துல நீட்டிக்கிட்டு இருந்தா வளையாது. பிடிச்சிருக்கற இடது கை வெட்டுக்கு அரை அடி தள்ளி. கடைசி ரெண்டு இன்ச் வர்றப்போ தொங்கற பக்கத்தைப் பெரியவங்க கையில வாங்கிக்கணும், இல்லைன்னா ஒடிஞ்சு அடியில சிம்பு கிழியும்.

ஆறு வயசுப் பையனுக்கு ரம்பம் வேண்டாம். அவனுக்கு உப்புத்தாள்: 80 நம்பர் முதல்ல, அப்புறம் 120, ஒரு சின்ன மரக்கட்டையில சுத்திக் கொடுத்துடுங்க. தேய்க்கறது மர ஓட்டத்தோட நீளவாக்குலதான். குறுக்கால தேய்ச்சா கீறல் நிக்கும். ஸ்க்ரூவோட கடைசி நாலு சுத்தும் அவனுக்கு. அந்த நாலு சுத்துலதான் ரெண்டு பலகையும் ஒண்ணா இறுகறதைக் கண்ணால பார்க்க முடியும்.

ஒரே நாள்ல முடிக்கப் பார்க்காதீங்க. குறிக்கறதும் அறுக்கறதும் ஒரு காலை, தேய்ச்சு ஓட்டை போடறது ஒரு காலை, சேர்க்கறது ஒரு காலை. சின்னவனுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல கவனம் நிக்காது, அதுக்கப்புறம்தான் விரல் நசுங்கறது.

ஜூலை 10, மதியம் 1.15

அம்மாப்பேட்டை அக்கா கேட்டது: வீட்டுல சும்மா கிடக்கற பழைய ஜன்னல் கதவு மரத்துல செய்யலாமா? பெயிண்ட் அடிச்சதைத் தொடாதீங்க அக்கா. 2017 நவம்பர்லதான் வீட்டுப் பெயிண்டுல ஈயத்துக்கு 90 பி.பி.எம். (பத்து லட்சத்துல 90 பங்கு) உச்சவரம்பு நடைமுறைக்கு வந்தது. அதுக்கு முந்தின பூச்சைக் குழந்தை உப்புத்தாள்ல தேய்ச்சா தூளோட ஈயம் உள்ள போகும். பெயிண்ட் படாத பழைய தேக்கு இருந்தா, அதை விட நல்ல மரம் இல்லை, ஆணியை மட்டும் எல்லாம் பிடுங்கிடுங்க.

சரக்குல வர்ற பேலட் கட்டைன்னா முத்திரையைப் பாருங்க. எச்.டி. (HT)ன்னு இருந்தா சூடு காட்டினது, எடுத்துக்கலாம். எம்.பி. (MB)ன்னு இருந்தா மெத்தில் புரோமைடு புகை போட்டது, வேண்டாம். முத்திரையே இல்லை, எண்ணெய்க் கறை இருக்குதுன்னா அதுவும் வேண்டாம்.

ஜூலை 13, இரவு 9.30

பூச்சு. வெளிப்பக்கத்துக்குப் பச்சையான, அதாவது காய்ச்சாத, ஆளிவிதை எண்ணெய், துணியில தொட்டு மெல்லிசா ரெண்டு கை, முனைகளுக்கு மூணு. ஒரு கைக்கும் அடுத்ததுக்கும் மூணு நாலு நாளாவது காய விடணும். கெட்டியாப் பூசினா மேல பிசுபிசுன்னு ஆடை கட்டி அப்படியே நிக்கும், தூசி ஒட்டும்.

எண்ணெய் தொட்ட துணியைக் கசக்கி மூலையில போடவே கூடாது. ஆளிவிதை எண்ணெய் காத்தோட சேர்ந்து காயறப்போ சூடு விடும், சுருட்டி வெச்ச துணி தானாத் தீப்பிடிக்கும். தண்ணியில நனைச்சு விரிச்சு வெளியில காயப்போட்டு அப்புறம் எறிங்க. இதைப் பசங்களுக்கும் சொல்லிக் கொடுங்க, அவங்கதான் துணியை எங்கயாவது திணிப்பாங்க.

வண்டியில வடிச்ச கருப்பு ஆயில் பூசினா கரையான் வராதுன்னு சொல்றவங்க இருக்காங்க. வேலிக்காலுக்குப் பூசட்டும், சாப்பிடற கீரைப் பெட்டிக்கு வேண்டாம். முந்திரிக்கொட்டை எண்ணெயும் வேண்டாம், காயறதுக்கு முன்னால தோல்ல பட்டாக் கொப்புளம் போடும்.

உள்பக்கச் சுவருக்கு பிளாஸ்டிக் அரிசிச் சாக்கை விரிச்சு வெட்டி, விளிம்புல சின்ன ஆணி அடிச்சுக்கோங்க. அடித்தட்டு மேல நிழல்வலை ரெண்டு மடிப்பு. அடியில சாக்கு போட்டா தண்ணி தேங்கும்.

ஜூலை 14, காலை 6.45

மண் கலவை. இந்தப் பெட்டியில தண்ணி ஊத்த மேல முக்கால் இன்ச் விட்டது போக சுமார் 45 லிட்டர் கொள்ளும். செம்மண் 15, கழுவின தேங்காய் நார்க்கழிவு 15, மக்கின தொழுஉரமோ மண்புழு உரமோ 15, வேப்பம்புண்ணாக்கு 100 கிராம். பத்து லிட்டர் பக்கெட்ல அளந்து போடறது சின்னவன் வேலை: ஒவ்வொண்ணுலயும் ஒன்றரைப் பக்கெட். ஒரு மாசத்துல ரெண்டு இன்ச் இறங்கும், மேல்நிரப்பக் கொஞ்சம் எடுத்து வைங்க.

நார்க்கழிவைக் கழுவாமப் போடாதீங்க. ஊற வெச்சுப் பிழிஞ்சு ரெண்டு மூணு தண்ணி மாத்தணும். அதுல உப்பு இருக்கும், நம்ம போர் தண்ணியிலயும் உப்பு இருக்கும், ரெண்டும் சேர்ந்தா நாத்து முனை கருகும்.

செம்மண் எங்க எடுக்கறீங்கங்கறது சேலத்துல முக்கியம். மாமாங்கம், கருப்பூர் பக்கம் வெள்ளைக்கல், அதான் மேக்னசைட், வெட்டற நிலத்து மண்ணைக் காய்கறிக்குக் கொண்டு வராதீங்க. அங்க மண்ணுல மெக்னீசியம் ரொம்ப அதிகம், சுண்ணாம்புச் சத்து அதுக்கு ஈடா இருக்காது. அந்த வகைப் பாறை மண்ணுல நிக்கல், குரோமியமும் தூக்கலா இருக்கும். எலுமிச்சம்பழம் பிழிஞ்சு நுரைக்குதான்னு பார்க்கற சோதனை இதைக் காட்டாது. சுண்ணாம்புக்கல் உடனே நுரைக்கும், மேக்னசைட் குளிர்ந்த அமிலத்துக்கு அசையறதே கஷ்டம். சந்தேகம்னா வேளாண்மைத் துறை மண் பரிசோதனைக்குக் கொடுத்துப் பார்த்துடுங்க.

பச்சைச் சாணியும் வேண்டாம். சூடு கிளம்பி வேர் வெந்துடும், வண்டுப் புழுவும் அதோடவே வரும்.

ஜூலை 15, மாலை 5.40 | அஸ்தம்பட்டி வாசகர்

பெட்டி நின்னுடுச்சுங்க! ஆனா ரெண்டு முனையிலயும் காலுக்கும் காலுக்கும் நடுவுல ஒரு சந்து தெரியுது. மண்ணு போட்டா அது வழியா கொட்டிடாதா?

ஜூலை 15, இரவு 7.55

கொட்டும். 8ஆம் தேதி நான் கொடுத்த அளவுல இருக்கற ஓட்டை அது, சரியாப் பிடிச்சீங்க. அடித்தட்டுத் துண்டுகள் கால்களுக்கு இடையில முப்பத்தொன்றரை இன்ச் தூரத்தைத்தான் மூடுது. ரெண்டு முனையிலயும் ஏழரைக்கு ஒன்றரை இன்ச் வாய் திறந்திருக்கும்.

பெரிய ரீப்பர்ல பிடிப்பலகை போக 15 இன்ச்சுக்கு மேல மிச்சம் வெச்சிருப்பீங்க. அதை ஏழரை ஏழரையா ரெண்டா அறுத்து, அடித்தட்டோட மேல்மட்டத்துக்குச் சமமா உள்ள வெச்சு, வெளியில குறுக்குப் பலகை வழியா ரெண்டு ரெண்டு ஸ்க்ரூ. சந்து அப்படியே அடைஞ்சுடும், குறுக்குப் பலகைக்கும் ஒரு முட்டு ஆச்சு. ஏற்கெனவே மண் நிரப்பிட்டவங்க முனையில ஒரு சாண் மண்ணை ஒதுக்கிட்டு மேலிருந்து இறக்கிடலாம்.

ஜூலை 17, காலை 6.10

ஆடி பிறந்தாச்சு. ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சொல்றது வானம் பார்த்த காட்டுக்கு. தண்ணி ஊத்தற மாடிக்கு அவ்வளவு கெடு இல்லை, ஆனா வெயில் தணிஞ்சு காத்து வர்ற இந்தச் சமயம் நாத்துக்கு நல்லது.

விதைக்கறதுக்கு முன்னால ஒரு அளவுக்குச்சி. சின்ன ரீப்பர்ல 9 இன்ச் மிஞ்சியிருக்கும். ஒரு முனையைப் பென்சில் மாதிரி, ஆனா மொண்ணையா, உப்புத்தாள்ல தேய்ச்சு எடுக்கணும். முனையிலிருந்து கால் இன்ச், அரை இன்ச், ஒரு இன்ச்சுல ரம்பத்தால ஒரு நூல் ஆழத்துக்கு வரி போடணும், ரீப்பரோட நாலு பக்கமும் சுத்தி. வரி மேல பென்சிலைத் தேய்ச்சா கருப்பா நிக்கும். குச்சியை மண்ணுல குத்தறப்போ எந்த வரி மறையுதோ அதுதான் ஆழம். விரலால குழி போடற குழந்தை எல்லா விதையையும் ரெண்டு இன்ச்சுல புதைக்கும், அப்புறம் முளைக்கலைன்னு தினம் தோண்டிப் பார்க்கும்.

வெண்டை ஒரு இன்ச், கொத்தவரை ஒரு இன்ச், வெந்தயம் அரை இன்ச்சுக்கு உள்ள, கீரை கால் இன்ச்.

முதல் பெட்டியில வெந்தயக்கீரையும் அரைக்கீரையும்தான். வெந்தயம் மூணு நாலு நாள்ல தலை காட்டும், மூணு நாலு வாரத்துல கிள்ளலாம். குழந்தையோட பொறுமைக்குச் சரியான பயிர். வெண்டைக்கு எட்டு இன்ச் ஆழம் குறைச்சல்தான், இருந்தாலும் ஒரு பெட்டிக்கு மூணு செடி, அடிக்கு ஒண்ணு, உரம் கொஞ்சம் கூடக் கொடுத்தாக் காய்க்கும். ஒன்றரை மாசம் கழிச்சு முதல் காய். முள்ளங்கி நீளவகை இந்த ஆழத்துல முட்டிக்கிட்டு வளைஞ்சுடும். தக்காளிக்கு இந்தப் பெட்டி போதாது.

கடை விதை சிவப்பு, பச்சை, நீலம்னு சாயம் ஏறியிருந்தா அது பூஞ்சைமருந்து. பசங்க கையால தொட விடாதீங்க, சமையல் பாத்திரத்துல ஊறப்போடாதீங்க. சாயமில்லாத நாட்டு விதை கேட்டு வாங்குங்க. வெண்டையை ஒரு ராத்திரி ஊற வெச்சா போதும்.

ஜூலை 17, காலை 6.25

மிஞ்சின நாலு இன்ச் சில்லறைப் பலகை பேர் எழுதறதுக்கு. பேரோட விதைச்ச தேதியும் இருக்கணும். பேரை இலை பார்த்தே சொல்லிடலாம், தேதியைச் சொல்ல முடியாது.

ஜூலை 21, இரவு 9.00

“கீரை விதை தூவி நாலு நாள் ஆச்சு, ஒண்ணும் வரலை, மேல எறும்பு வரிசை.” இந்தக் கேள்வி ரெண்டு பேர்கிட்டயிருந்து. எறும்பு தூக்கிட்டுப் போயிருக்கும். ஒரு டீஸ்பூன் விதையை ஒரு கைப்பிடி மணலோட கலந்து தூவி, மேல சலிச்ச உரம் மூடி, பெட்டிக்கு ஒரு முழம் தள்ளி கொஞ்சம் நொய்யைப் போட்டு வைங்க. முளைக்கற வரைக்கும் எறும்புக்கு அங்க வேலை இருக்கும். பூவாளியில தண்ணி விடுங்க. சொம்புல ஊத்தினா விதை ஓரத்துல போய்க் குவிஞ்சுக்கும்.

ஜூலை 26, மாலை 6.30

நாகலூர் அண்ணா கேட்டது: ஏற்காட்டுல இதே பெட்டி சரிப்படுமா?

மலையில கணக்கு வேற அண்ணா. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்துல இருக்குது, சேலம் 300 மீட்டருக்குக் கீழ. சேர்வராயன் மலை மேல பனியும் சாரலும் மரத்தைக் காய விடாது. உள்சாக்கு போட்டா பலகைக்கும் சாக்குக்கும் நடுவுல ஈரம் நின்னு அங்கயே பூசணம் பிடிக்கும். சாக்கே வேண்டாம், கால் ரெண்டு இன்ச்சுக்குப் பதிலா நாலு இன்ச் விடுங்க. வாசல்ல மண்தரை இருந்தா அடித்தட்டில்லாத சட்டம் மட்டும் செஞ்சு தரையிலயே மேட்டுப்பாத்தி கட்டிடலாம், வேருக்கு ஆழமும் கிடைக்கும். மரம் மக்கினா ஒரு பலகையை மாத்தினாப் போதும்.

பயிரும் உங்களுக்கு நாங்க பொறாமைப்படற மாதிரி. செடி பீன்ஸ், கேரட், முட்டைக்கோஸ். கேரட் விதைக்கிற இடத்துல கல்லு, கட்டி இருக்கக் கூடாது, இருந்தாக் கிழங்கு ரெண்டாப் பிரியும். பசங்களுக்கு சௌசௌ காட்டுங்க: விதையைத் தனியா எடுக்காம முளைவிட்ட முழுக்காயையே சாய்ச்சுப் பாதி புதைக்கற பயிர் வேற எங்க இருக்குது? நத்தை பெட்டிக்கு அடியில ஒளிஞ்சுக்கும். ராத்திரி டார்ச் அடிச்சுப் பொறுக்கி எடுங்க, உப்பு தூவாதீங்க, மண்ணு கெடும். குரங்குக்கு வலைக்கூண்டு போட்டாத்தான் காய் உங்களுக்கு.

ஆகஸ்ட் 3, காலை 7.20

பெட்டி ஒண்ணு நல்லா வந்ததும் பத்து வைக்கலாம்னு தோணும். எடையைப் பாருங்க. தண்ணி குடிச்ச பெட்டி ஒண்ணு 60லிருந்து 65 கிலோ. ஆள் நடமாடற மொட்டை மாடிக்கு ஐ.எஸ். 875ங்கற கட்டடச் சுமை விதியில கணக்குப் போடற சுமை சதுர மீட்டருக்கு 1.5 கிலோ நியூட்டன், சுமார் 150 கிலோ. பெட்டி நிக்கற இடம் கால் சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேல. நெருக்கி அடுக்கினா சதுர மீட்டருக்கு 200 தாண்டிடும். கீழ சுவர் போற ஓரமா ஒரே வரிசை, அடுத்த வரிசை வேணும்னா நடுவுல ரெண்டடி நடைவழி. பழைய கட்டடம்னா பொறியாளரைக் கேட்காம வரிசை கூட்டாதீங்க.

ஆகஸ்ட் 14, இரவு 10.05

வெண்டை இலை மஞ்சளாகுதுன்னு போட்டோ போட்ட எல்லாருக்கும் “எப்சம் உப்பு போடுங்க”ன்னு பதில் வந்திருக்குது. சேலத்துல அதைக் கண்ணை மூடிட்டுப் போட வேண்டாம். அது மெக்னீசியம் சல்பேட். நம்ம மண்ணுலயும் போர் தண்ணியிலயும் பல இடத்துல மெக்னீசியம் ஏற்கெனவே இருக்குது, மேல போட்டாச் செடி சுண்ணாம்புச் சத்தை எடுக்கறது குறையும். தொட்டியில வெச்ச தக்காளிக்கு அடி கறுத்து அழுகறது இதனாலயும் கூடும்.

இலையைக் கையில எடுத்துப் பாருங்க, பசங்ககிட்ட ஒரு லென்ஸ் கொடுங்க. நரம்பு பச்சை, நடுவுல மஞ்சள், அதுவும் கீழ் இலையில ஆரம்பிச்சா மெக்னீசியக் குறை. அதே மாதிரி நுனிக் கொழுந்துல ஆரம்பிச்சா இரும்புக் குறை, உப்புத் தண்ணிக்கு இதுதான் அதிகம். மழைத்தண்ணியும் மக்கு உரமும் கொடுத்தாத் தேறும். நரம்பே மஞ்சளாகி வலை பின்னின மாதிரி தெரிஞ்சா வைரஸ், வெள்ளை ஈ கொண்டு வர்றது. அந்தச் செடியைப் பிடுங்கிப் பையில கட்டிடுங்க, மருந்து கிடையாது.

ஆகஸ்ட் 15, காலை 6.50

நேத்து எழுதினதுல ஒண்ணு விட்டுப்போச்சு. வெள்ளை ஈ வர்றதுக்கு முன்னாலயே வாரம் ஒரு தடவை ஒரு லிட்டர் தண்ணிக்கு வேப்பெண்ணெய் 5 மி.லி., சோப்புக் கரைசல் ஒரு மி.லி. நல்லாக் குலுக்கி இலைக்கு அடிப்பக்கம், சாயங்காலம். பகல்ல அடிச்சா இலை வெந்துடும்.

செப்டம்பர் 22, மாலை 5.15

ரெண்டு மாசம் ஆன பெட்டிகளைப் பார்த்தப்போ ஜூலை 13ல சொன்ன சாக்கை மாத்திச் சொல்லணும்னு தோணுது. மண்மட்டத்துக்கு மேல வெயில்ல தெரியற சாக்கு நார்நாரா உதிர ஆரம்பிச்சிருக்குது. அந்த நூல் மண்ணுல கலந்துட்டா பிரிச்சு எடுக்கவே முடியாது. சாக்கை மண்மட்டத்துக்கு அரை இன்ச் கீழ நிக்கற மாதிரி வெட்டி, அதுக்கு மேல இருக்கற பலகைக்கு உள்பக்கமும் ரெண்டு கை எண்ணெய் கொடுங்க. எண்ணெய் காயற வரைக்கும் மண்ணைக் கொஞ்சம் ஒதுக்கி வைங்க. நிழல்வலையைச் சுவருக்கும் போட்டுப் பார்த்தவங்க பெட்டியில பலகை சீக்கிரமே கறுத்திருக்குது, அது வேண்டாம்.

ஸ்க்ரூவையெல்லாம் ஒரு தடவை இறுக்குங்க. பலகை காஞ்சு சுருங்கினதுல பாதிக்கு மேல கால் சுத்து, அரை சுத்து பிடிக்கும். ஆணி அடிச்சிருந்தா இந்த வேலைக்கே வழியில்லை. இதைச் சின்னவன் தனியாவே செய்வான்.

அக்டோபர் 19, காலை 7.40

வடகிழக்கு மழை ஆரம்பிச்சாச்சு. பெட்டிக்கு அடியில கையை விட்டுப் பாருங்க, காஞ்ச இலையும் மண்ணும் அடைச்சுக்கிட்டு இருந்தா கால் வெச்சதே வீண். ஒரு குச்சியால தள்ளிடுங்க. மழை நாள்ல தண்ணி ஊத்தறதைத் தொட்டுப் பார்த்து முடிவு பண்ணணும்: அளவுக்குச்சியை ஒரு இன்ச் வரி வரைக்கும் குத்தி எடுத்தா, மண்ணு ஒட்டிக்கிட்டு வந்தாத் தண்ணி வேண்டாம், சுத்தமா வந்தா வேணும். வெண்டை முடிஞ்ச பெட்டியில செடியை வேரோட பிடுங்காம தரைமட்டத்துல வெட்டி, வேரை அப்படியே மக்க விட்டு, மேல ரெண்டு இன்ச் உரம் போட்டு அடுத்த நாளே கொத்தமல்லி தூவலாம். கொத்தமல்லியை ரெண்டாப் பிளந்து போடணும். செங்கல்லை உருட்டாம, செருப்புக்காலால தேய்க்காம, நம்ம பிடிப்பலகை மேல பரப்பி ஒரு மரக்கட்டையால மெல்ல அழுத்தினா சரியா ரெண்டாப் பிரியும்.